காப்புறுதி உண்டு, கதவு எங்கே?

கையில் உரிமை இருந்தும் அதை எங்கே கொண்டுபோய் நீட்டுவது என்று தெரியாதவன், உரிமையே இல்லாதவனைப் போலத்தான் நிற்கிறான். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர் தேக்காவில் நாம் கண்ணால் கண்ட காட்சி இது.

நம் தோட்டத்தில் பால் வெட்டும் தோழர் ஒருவரின் தங்கை மகன் அங்கே கட்டுமான வேலையில் இருக்கிறார். பட்டுக்கோட்டைப் பக்கத்து இளைஞர். மாமன் கொடுத்தனுப்பிய பலகாரப் பொட்டலத்தைச் சேர்ப்பிக்க நாம் போயிருந்தோம். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் எதிரே காத்திருந்த அந்தப் பிள்ளையின் முகம் வெளிறிக் கிடந்தது.

"என்ன தம்பி, உடம்புக்கு என்ன?" என்றோம்.

"வயிறு பத்து நாளா சரியில்லண்ணே. நேத்து ராத்திரி தாங்க முடியாம இங்கயே ஒரு கிளினிக்குல காட்டினேன். எண்பத்தாறு வெள்ளி ஆயிடுச்சு."

"முதலாளி காப்புறுதி எடுத்திருப்பாரே?"

"எடுத்திருப்பாருண்ணே. ஆனா அது பெரிய ஆஸ்பத்திரியில படுத்தாத்தானே? சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். நாளைக்கு ஆபீஸ்ல விசாரிச்சுச் சொல்றேன்னாரு. அந்த நாளைக்கு இன்னும் வரல."

எண்பத்தாறு வெள்ளி, அவருக்கு நான்கு நாள் உழைப்பு. வைத்தியம் பார்த்த டாக்டரை நாம் குறை சொல்லவில்லை. அவர் தம் கட்டணத்தை வாங்கினார், அவ்வளவுதான். நம்மை உறுத்துவது வேறு. இந்தத் தம்பி அதே வைத்தியத்தை ஐந்து வெள்ளியில் பெற்றிருக்கலாம். அதற்கான சந்தாவை அவருடைய முதலாளி கட்டியாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்த மருத்துவ மையம் எங்கே இருக்கிறது, அது தமக்கு உரியதா என்பது அவருக்குத் தெரியாது. எண்பத்தொரு வெள்ளி அறியாமைக்குக் கட்டிய வரி!

தோழர்களே, சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் உறவினர் எத்தனையோ பேர். ஆகவே அங்குள்ள ஏற்பாட்டை முதலில் விளக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தெரிந்து வைத்திருங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் எழுதுங்கள்.

வெளிநாட்டு ஊழியருக்கு அங்கே மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதற்கதவு, சாதாரண நோய்க்கு உரியது. 2022 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி, 'அடிப்படைப் பராமரிப்புத் திட்டம்' என்ற ஒன்றை முதலாளிமார் வாங்கியாக வேண்டும். விடுதிகளில் தங்குவோருக்கும், கட்டுமானம், கப்பல் பட்டறை, செயல்முறைத் தொழில் ஆகிய துறைகளில் 'வொர்க் பெர்மிட்', 'எஸ் பாஸ்' அட்டையில் வேலை செய்வோருக்கும் இது உண்டு. தொடங்கியபோது ஆளுக்கு ஆண்டுக்கு 108 முதல் 138 வெள்ளி வரை முதலாளி கட்ட வேண்டுமென்று வகுத்தார்கள். தொழிலாளி, மையத்துக்குப் போனால் 5 வெள்ளியும், தொலைபேசி வழி டாக்டரைப் பார்த்தால் 2 வெள்ளியும் கொடுத்தால் போதும். நாட்டை ஆறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு மருத்துவ நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். ஆகவே எந்த மையத்துக்குள்ளும் நுழைந்துவிட முடியாது. தமக்குரிய நிறுவனம் எது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

இரண்டாங்கதவு, ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கும், அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சைக்கும் உரியது. 2010 முதல் முதலாளி எடுக்க வேண்டிய காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 15,000 வெள்ளியாக இருந்தது. 2023 ஜூலை முதல் நாளிலிருந்து அது 60,000 ஆக உயர்த்தப்பட்டது. முதல் 15,000 வெள்ளியைக் காப்புறுதி நிறுவனம் முழுமையாகக் கொடுக்கும். அதற்கு மேற்பட்டதில் நான்கில் மூன்று பங்கு காப்புறுதி நிறுவனத்துக்கு, ஒரு பங்கு முதலாளிக்கு. 2025 ஜூலை முதல், எவையெவை காப்புறுதியில் சேராதவை என்ற விதிகளை எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரியாக வைத்துக்கொள்ள வேண்டும். பணத்தையும் நேரே ஆஸ்பத்திரிக்கே செலுத்த வேண்டும்.

மூன்றாங்கதவு, வேலையில் அடிபட்டவருக்கு உரியது. 2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்த புதிய வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி, யார் மீது பிழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மருத்துவச் செலவு விபத்து நடந்து ஓராண்டு வரை, அல்லது ஒரு தொகை வரை, எது முன்னதோ அதுவரை கிடைக்கும். அந்தத் தொகை 45,000 வெள்ளியாக இருந்தது. 2025 நவம்பரில் 53,000 ஆயிற்று.

பார்த்தீர்களா? ஏட்டில் இருப்பது குறைவல்ல. இதைக் கொண்டுவந்தவர்களைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமும் இல்லை. ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்பவன் மூன்று சட்டங்களையும் ஆறு வட்டாரங்களையும் எண்ணிப் பார்த்தா நடப்பான்? எதிரே தெரியும் விளக்கை நோக்கி நடப்பான். அந்த விளக்கு அவனுக்கு உரியதாக இல்லாமலும் போகலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அந்நகரில் எத்தனையோ கிளினிக்குகளின் வாசலில் 'சாஸ்' என்ற சலுகைத் திட்டத்தின் அடையாளம் ஒட்டியிருக்கும். 2012-இல் வந்த அந்தத் திட்டம் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கானது. குடிமகன் ஒருவர் தம் கைப்பேசியில் தட்டினால் பக்கத்திலுள்ள சாஸ் கிளினிக்கைக் கண்டுபிடித்துவிடலாம். அதே வழியில் போகும் வெளிநாட்டு ஊழியர் வாசலில் நின்ற பிறகுதான் அது தமக்கு இல்லை என்று அறிவார். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் ஆயிரமாயிரம் பேரின் நிலை இது. அவர்களுடைய ஓய்வு நாள் நகரின் நடுவில் கழிகிறது. அவர்களுக்கென்று ஏற்பட்ட மையங்கள் பெரும்பாலும் விடுதிகளையும் பொழுதுபோக்கு மையங்களையும் ஒட்டி நகரின் ஓரத்தில் இருக்கின்றன.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இது விந்தையாகத் தோன்றும். நம் பாட்டன் காலத்தில் லயத்துக்கு அப்பால் ஒரு தோட்ட ஆஸ்பத்திரி இருந்தது. டிரசர் ஒருவர் இருந்தார். எல்லா நோய்க்கும் ஒரே பாட்டில் மருந்து என்று கேலி பேசுவார்கள். வைத்தியம் குறைவுதான், சண்டை போட்டுத்தான் அதையும் திருத்த வேண்டியிருந்தது. ஆனால் கதவு எங்கே என்று யாரும் கேட்டதில்லை. நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். இன்றோ சிங்கப்பூரில் வைத்தியம் உயர்ந்துவிட்டது, கதவுதான் மறைந்துவிட்டது.

இதற்கு என்ன வழி? அறிவிப்புப் பலகையா? துண்டுப் பிரசுரமா? அவையும் வேண்டும். ஆனால் இன்று ஒவ்வொரு தொழிலாளியின் சட்டைப்பையிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. ஊருக்குப் பணம் அனுப்புவதும், பிள்ளை முகம் பார்ப்பதும் அதில்தான். அந்தக் கைப்பேசியே கதவைக் காட்டட்டும் என்கிறோம். காப்புறுதி செல்லும் மருத்துவ மையத்தைக் கண்டுபிடிக்கும் இணையச் செயலி ஒன்று, தொழிலாளியின் மொழியில், தொழிலாளியின் கேள்வியிலிருந்து தொடங்குவதாகக் கட்டப்பட வேண்டும்.

'ஏற்கெனவே செயலி இருக்கிறதே' என்று சிலர் சொல்வர். உண்மை. 2020-இல் கொள்ளைநோய் விடுதிகளில் புகுந்தபோது, மனிதவள அமைச்சு வெளிநாட்டு ஊழியருக்கென்று ஒரு செயலியைக் கொண்டுவந்தது. உடல் வெப்பத்தைப் பதிவு செய்யவும், டாக்டரைத் தொலைவிலிருந்தே பார்க்கவும் அது பயன்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அமைச்சு வெளியிட்ட கணக்குப்படி, விடுதிவாசிகளில் நூற்றுக்கு 47 பேரை அந்த நோய் தொட்டிருந்தது. அந்த நெருக்கடியில்தான் ஓர் இளம் பெண் டாக்டர், வங்காள மொழி பேசும் நோயாளியிடம் மருத்துவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளை மொழிபெயர்த்து, ஒலியோடு ஓர் இணையத்தளத்தில் போட்டார். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இவை இரண்டும் சான்று. நாம் கேட்பது அடுத்த படி. இது எந்தத் திட்டம் என்று தொழிலாளி தேட வேண்டாம். எனக்கு என்ன நேர்ந்தது என்று அவர் சொன்னால் போதும். திட்டத்தைச் செயலி தேடட்டும்.

அது எப்படி இருக்க வேண்டும்? நாம் பொறியாளர் அல்லோம். ஆயினும் கிராணி வேலை பார்த்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்லலாம்.

முதலாவது, அது மூன்றே கேள்விகள் கேட்கட்டும். வேலையில் அடிபட்டதா, நோயா? உன் அட்டை எது, தங்குவது எங்கே? இப்போது எங்கே நிற்கிறாய்? இவற்றுக்குப் பதில் வந்ததும் அது சொல்ல வேண்டியவை: போக வேண்டிய இடம், இந்நேரம் திறந்திருக்கிறதா, எந்தப் பஸ், கையில் எத்தனை வெள்ளி வேண்டும், எந்த அட்டையைக் காட்ட வேண்டும். இந்தக் கேள்விகளுக்கும் முன்னால், முதல் வரியிலேயே ஒன்று பெரிதாக நிற்கட்டும்: நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், நில்லாத இரத்தம் என்றால் தேடாதே, 995-ஐ அழை.

இரண்டாவது, அது பேச வேண்டும். படிக்கத் தெரிந்தவனும் வலியில் படிக்க மாட்டான். தமிழிலும் வங்காளத்திலும் மற்ற மொழிகளிலும் குரல் வழியே கேட்கவும் சொல்லவும் இயல வேண்டும். அந்தத் தமிழும் அகராதித் தமிழாக இருக்கக் கூடாது. 'வயித்தாலே போகுது' என்றால் புரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, தனியே இறக்கிப் பதிய வேண்டிய அவசியம் இல்லாமல், சுட்டியைத் தட்டியவுடன் திறக்க வேண்டும். தொழிலாளியின் கைப்பேசி பழையது. பிள்ளையின் படங்களாலேயே நிரம்பியது. இணையம் அற்ற இடத்திலும், கடைசியாகப் பார்த்த பட்டியல் அழியாமல் நிற்க வேண்டும்.

நான்காவது, யார் தேடினார், எதற்குத் தேடினார் என்பது முதலாளியின் காதுக்குப் போகக் கூடாது. இதுவே உயிர்நாடி. நோயை மறைக்கும் தொழிலாளி சோம்பேறி அல்லன்; பயந்தவன். முகவருக்குக் கட்டக் கடன் வாங்கி வந்திருக்கிறான். அவனுடைய வேலை அனுமதியை முதலாளி எந்நேரமும் இரத்துச் செய்யலாம். 'உனக்கு நோய், ஊருக்குப் போ' என்று ஒரு சொல் வந்துவிட்டால் கடனை அடைப்பது யார்? ஆகவே பெயரும் அட்டை எண்ணும் கேட்காமலே வழி சொல்லட்டும்.

ஐந்தாவது, பட்டியல் உயிரோடு இருக்க வேண்டும். இது நம் கிராணித் தோழர்களுக்கு நன்றாக விளங்கும். இன்றைய பெரட்டைப் பதியாத செக்ரோல் எதற்கு உதவும்? சம்பள நாளில் சண்டைக்குத்தான் உதவும்! அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 2016 முதல் 2018 வரை அங்குள்ள அரசு, முதியோர் காப்புறுதி நிறுவனங்கள் வைத்திருந்த மருத்துவர் பட்டியல்களை மூன்று முறை சோதித்தது. ஏறத்தாழப் பாதி இடங்களில் ஏதேனும் ஒரு பிழை இருந்தது. டாக்டர் அங்கே இல்லை, தொலைபேசி எண் தவறு, அந்தக் காப்புறுதியை ஏற்பதில்லை என்று இப்படி. பிறகு, 2022 முதல் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறையாவது பட்டியலைச் சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதே நாட்டில் 2013 அக்டோபர் முதல் நாள் பெரும் முழக்கத்தோடு திறந்த அரசுக் காப்புறுதி இணையத்தளத்தில், முதல் நாளில் பதிய முடிந்தவர் ஆறே பேர்! செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே இந்தக் கதி. ஆகவே நாம் கேட்கும் செயலியில் ஒவ்வொரு மையத்தின் பெயருக்குக் கீழும், இது எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும். தேதி இல்லாத வரியை நம்பாதே என்று தொழிலாளிக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆறாவது, இல்லை என்பதையும் அது நேராகச் சொல்ல வேண்டும். இந்தச் சிகிச்சை உன் காப்புறுதியில் சேராது என்றால் வாசலில் நிற்கும்போதல்ல, புறப்படும் முன்பே தெரிய வேண்டும். அப்படிப்பட்டவருக்கு மாற்று வழியும் காட்ட வேண்டும். கேலாங்கில் ஹெல்த்சர்வ் என்ற தொண்டமைப்பு இருக்கிறது, 2006-இல் தொடங்கியது, வெளிநாட்டு ஊழியருக்குக் குறைந்த செலவில் வைத்தியம் செய்கிறது. லிட்டில் இந்தியாவில் கஃப் சாலையின் பெயரால், வேலை இழந்தவர்க்கும் காயம்பட்டவர்க்கும் இலவச உணவு வழங்கும் திட்டத்தை 'டி.டபிள்யூ.சி. டூ' என்ற அமைப்பு 2008-இல் தொடங்கியது. இவர்களுடைய கதவும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

இனி, நம் தோழர்களே நம்மிடம் கேட்கக் கூடிய கேள்விக்கு வருகிறோம். செயலி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அவசரமற்ற சிகிச்சைக்கு முதலாளியின் உத்தரவாதக் கடிதம் வரட்டும் என்று அடிபட்டவரைக் காக்க வைத்த கதைகளைத் தொண்டமைப்புகள் பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கின்றன. கடிதம் எழுத மனமில்லாத முதலாளியைச் செயலி என்ன செய்ய முடியும்? வேலை அனுமதி ஒருவர் கையில் கயிறாக இருக்கும் வரை, நோயைச் சொல்லப் பயப்படுவதும் இருக்கத்தான் செய்யும். அந்தக் கயிற்றை அறுப்பது சட்டத்தின் வேலை. அதற்காகக் குரல் கொடுப்பது சங்கத்தின் வேலை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கதவு எங்கே என்று தெரிந்தவன்தான், கதவு சாத்தப்பட்டிருந்தால் ஏன் சாத்தினாய் என்று கேட்பான். அறியாதவனிடம், 'நாளைக்குச் சொல்கிறேன்' என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருக்கிறது.

'வழி காட்டினால் சும்மா சும்மா டாக்டரிடம் போவார்களே' என்று முதலாளிமாரில் சிலர் முணுமுணுக்கலாம். அவர்களுக்கு நாம் சொல்வது: வயிற்று நோயை முதல் வாரத்தில் பார்த்தால் ஐந்து வெள்ளி, ஒரு மாதம் கழித்து அறுவைக் கத்தியிடம் போனால் ஆயிரக்கணக்கில். அதில் உங்கள் பங்கும் உண்டு. கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் கட்டுவது? அமைச்சு கட்டலாம், தகவலெல்லாம் அதனிடம்தான் இருக்கிறது. 2009-இல் அமைந்த வெளிநாட்டு ஊழியர் நிலையம் முன்னின்று கேட்கலாம். கல்லூரிகளில் கணினி பயிலும் நம் பிள்ளைகள் மனம் வைத்தால் ஒரு விடுமுறைக்குள் முதல் வடிவத்தைக் காட்டிவிடுவர். ஆனால் கட்டுவது சுலபம், காப்பது கடினம். மாதந்தோறும் ஒவ்வொரு மையத்துக்கும் தொலைபேசியில் பேசி, திறக்கும் நேரம் மாறியதா, இடம் மாறியதா என்று கேட்டு எழுத ஆள் வேண்டும். அது பொறியாளர் வேலையல்ல, கிராணி வேலை. எழுதத் தெரிந்த கையெல்லாம் இதற்குத் தேவை.

பிறர் வீட்டைப் பேசிவிட்டு நம் வீட்டை மறைப்பது நேர்மையாகாது. மலேசியாவில் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த சொக்சோ நமக்கு இருக்கிறது. வேலையில் காயம்பட்டால் அதன் பட்டியலிலுள்ள கிளினிக்கிலோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ சிகிச்சை பெறலாம். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் வேலைக்காயப் பாதுகாப்பு உண்டு. நம் தோட்டங்களில் இன்று நம்மோடு மரம் வெட்டுகிறவர்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் இருக்கின்றனர். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கிளினிக் எங்கே என்று தெரியும்? நாமே எத்தனை பேர் அறிவோம்? வாளிப் பாலோடு வழுக்கி விழுந்து கை ஒடிந்தவரைத் தூக்கிக்கொண்டு, எந்த வாசலுக்கு என்று விழித்து நின்ற நாட்கள் நமக்கும் உண்டு. ஆகவே ஒவ்வொரு கிளையும், தன் தோட்டத்துக்கு அருகே சொக்சோ செல்லும் கிளினிக்குகளின் பெயர், நேரம், தொலைபேசி எண் இவற்றை ஒரு தாளில் எழுதி, சரிபார்த்த தேதியையும் போட்டு, பெரட்டுக் களத்தில் ஒட்டட்டும். செயலிக்கு முன் அந்தத் தாள். செயலிக்கு விதையும் அதுதான்.

அந்தத் தம்பியை நாம் அப்படியே விட்டு வரவில்லை. கோயில் எதிரே ஓரமாக உட்கார்ந்து, இருவரும் கைப்பேசியில் அரை மணி நேரம் தேடினோம். ஆங்கிலப் பக்கங்களை ஒன்றுக்கு மூன்றாகப் படித்து, அவருடைய விடுதிக்குரிய மையம் எது என்று கடைசியில் கண்டுபிடித்தோம். திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து போனார். ஐந்து வெள்ளி. மருந்து கொடுத்து, மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். இரவு நமக்குச் செய்தி அனுப்பியிருந்தார்: "அண்ணே, ரூம்ல பன்னெண்டு பேரு. யாருக்கும் தெரியலண்ணே. எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

பன்னிரண்டு பேருக்கு அவர் சொல்லிவிட்டார். மற்ற அறைகளுக்குச் சொல்வது யார்? எழுதப் படிக்கத் தெரிந்த இருவருக்கு அரை மணி நேரம் பிடித்த தேடலை, காய்ச்சலில் கிடப்பவன் தனியே எப்படித் தேடுவான்? பேசும் கருவி ஒன்று அவன் கையில் இருக்கும்போது, அது இந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் இருப்பது ஏன்?

காப்புறுதிக்குச் சந்தா கட்டியாயிற்று. மையம் திறந்திருக்கிறது. டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். வழி காட்டுங்கள் என்று மட்டுமே கேட்கிறோம். இது சலுகை அல்ல. சட்டம் கொடுத்ததைத் தொழிலாளியின் கையில் சேர்க்கும் கடைசி வேலை.